பிறந்த நாளில் பரிசு கொடுக்கும் மக்கள்

ஒரு நாட்டு மக்களின் பழக்க வழக்கங்களை அறிய வேண்டுமானால், அவர்கள் உண்பது என்ன, உடுப்பது என்ன, எப்படி மணம் முடிக்கிறார்கள், இறந்தோரை எவ்வாறு அடக்கம் செய்கிறார்கள் என்று வினவுவது வரலாற்று நூலார் வழக்கம். நாம் இங்குக் காணப்போகும் மக்களிடம் வேறொரு கேள்வியை முதலில் கேட்க வேண்டியிருக்கிறது. "உங்கள் ஊரில் பிறந்த நாளன்று பரிசு கொடுப்பவர் யார்? பெறுபவர் யார்?" என்பதே அக்கேள்வி. இந்த ஒரு வழக்கத்தின் மேல்தான் அவர்களுடைய பெருங்கதை முழுவதும் நிற்கிறது.

அம்மக்களின் பெயர் ஹாபிட். அவர்களுடைய நாட்டின் பெயர் ஷயர். பூகோளப் புத்தகத்தை எத்தனை முறை புரட்டினாலும் அந்த நாடு அகப்படாது. ஜே. ஆர். ஆர். டோல்கீன் என்னும் ஆங்கிலப் பேராசிரியர் தம் உள்ளத்தில் படைத்த 'நடுநிலவுலகம்' என்னும் கற்பனை உலகின் வடமேற்கு மூலையில் அது இருக்கிறது. டோல்கீன் 1892-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் நாள் தென்னாப்பிரிக்காவில் உள்ள புளூம்ஃபான்டெய்ன் நகரில் பிறந்து, 1973-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் மறைந்தார். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கில மொழியைக் கற்பித்த அவர், ஒரு கோடைக்காலத்தில் பள்ளித் தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவர் எழுதாமல் விட்டிருந்த வெற்றுப் பக்கத்தைக் கண்டார். நிலத்துக்கடியில் ஒரு வளையில் ஹாபிட் ஒருவன் வாழ்ந்ததாக அதில் ஒரு வரி எழுதினார். ஹாபிட் என்றால் என்ன என்பது அப்போது அவருக்கே தெரியாது. (விடைத்தாள் திருத்திக் களைத்த ஆசிரியைகளுக்கு இச்செய்தி ஆறுதல் அளிக்கும். வெற்றுத்தாள் கொடுக்கும் மாணவியர் இதைச் சாக்காகக் கொள்ள வேண்டாம்.) அந்த ஒரு வரி வளர்ந்து 1937-ஆம் ஆண்டில் 'ஹாபிட்' என்ற சிறுவர் நூலாயிற்று. பின்னர் 1954, 1955-ஆம் ஆண்டுகளில் 'மோதிரங்களின் தலைவன்' என்னும் பெருநாவல் மூன்று பாகங்களாக வெளிவந்தது.

கற்பனை நாடுதானே, அதன் வழக்கங்களைப் படித்து ஆவதென்ன என்று சிலர் கேட்கலாம். டோல்கீன் இதை விளையாட்டாகச் செய்யவில்லை. அந்நாட்டுக்கு ஒரு நாட்காட்டி, குடும்ப வமிச அட்டவணைகள், உயில் எழுதும் முறை, தபால் இலாகா ஆகிய எல்லாவற்றையும் அமைத்து, ஒன்றோடொன்று முரண்படாதவாறு பார்த்துக்கொண்டார். வாசகர்கள் ஐயம் எழுப்பிக் கடிதம் எழுதினால் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதுவார். அவ்விளக்கங்களுட் பல, அவர் மறைந்த பின் 1981-ஆம் ஆண்டில் வெளியான அவருடைய கடிதத் தொகுப்பில் உள்ளன.

ஷயர் முற்றிலும் ஆகாயத்திலிருந்து குதித்ததும் அன்று. தந்தையை இழந்த டோல்கீன், 1896 முதல் நான்காண்டுகள் தாயுடனும் தம்பியுடனும் பர்மிங்காம் நகருக்கருகே சேர்ஹோல் என்ற சிற்றூரில் வாழ்ந்தார். மாவு அரைக்கும் ஆலை, ஓடை, மரங்கள், தோட்டக்காரர்கள் நிறைந்த அவ்வூரின் சாயல் ஷயரில் படிந்திருக்கிறது. அவருடைய தாயார் மேபல் 1900-ஆம் ஆண்டில் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். அதனால் உறவினர் சிலர் பண உதவியை நிறுத்திவிட்டனர். 1904-ஆம் ஆண்டில் அவர் நீரிழிவு நோயால் காலமானபோது மூத்த மகனுக்கு வயது 12. அதன்பின் அப்பிள்ளைகளுக்குக் காப்பாளராக இருந்தவர் பிரான்சிஸ் மார்கன் என்னும் குருவானவர். உறவு என்பது யார், கொடுப்பது என்பது எது என்னும் கேள்விகள் டோல்கீனுடைய எழுத்தில் திரும்பத் திரும்ப வருவதற்கு இந்த இளமை வாழ்வும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

இனி அம்மக்களைப் பார்ப்போம். ஹாபிட்கள் இரண்டடி முதல் நான்கடி வரை உயரமுள்ளவர்கள். காலணி அணிவதில்லை, உள்ளங்கால் தடித்த தோலாலும் மேற்புறம் சுருள் மயிராலும் ஆனது. மஞ்சளும் பச்சையுமான பளிச்சென்ற ஆடைகளை விரும்புவர். ஆதியில் எல்லோரும் குன்றுகளைக் குடைந்த வளைகளில்தான் வாழ்ந்தனர். கதை நிகழும் காலத்தில் மிகப் பெரிய செல்வரும் மிக ஏழைகளும் மட்டுமே வளைகளில் வாழ, நடுத்தரத்தார் செங்கல்லிலும் மரத்திலும் வீடு கட்டிக்கொண்டனர். செல்வருடைய வளை பல அறைகளும் வட்டமான சன்னல்களும் உடைய மாளிகை. ஏழையுடைய வளையிலோ ஒரே ஒரு சன்னல் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

அரசாங்கம் என்று அவர்களுக்குப் பெரிதாக ஏதும் கிடையாது. 'தெய்ன்' என்ற பரம்பரைப் பதவி டூக் குடும்பத்தில் இருந்தது, அது பெயரளவில்தான். ஏழாண்டுக்கு ஒருமுறை கோடை நடுவில் நடக்கும் சந்தையில் ஒரு மேயரைத் தேர்ந்தெடுப்பர். அவருடைய முதற்கடமை விருந்துகளில் தலைமை வகிப்பது! தபாலும் காவலும் அவர் பொறுப்பு. ஷயர் முழுவதற்கும் காவலர் 12 பேரே. அவர்களும் ஆட்களைப் பிடிப்பதைவிட வழி தவறிய கால்நடைகளைப் பிடித்ததே அதிகம். பழங்காலத்து அரசர் வகுத்த சட்டங்களை அவர்கள் 'விதிகள்' என்று அழைத்தனர். அரச மரபு அழிந்து ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் ஆன பின்னும், கட்டாயப்படுத்த ஒருவரும் இல்லாதபோதும், அவை பழமையானவை, நியாயமானவை என்று கருதித் தாமாகவே கைக்கொண்டனர். ஷயரில் ஒரு ஹாபிட் இன்னொரு ஹாபிட்டை வேண்டுமென்றே கொன்றதாக வரலாறே இல்லை என்று கதைத் தலைவன் ஃப்ரோடோ ஓரிடத்தில் நினைவூட்டுகிறான். இச்செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

கிடைக்குமானால் நாளொன்றுக்கு ஆறு வேளை உண்பர். புகையிலை போன்ற ஓர் இலையைக் குழாயில் இட்டுப் புகைப்பதையும் அவர்கள் கண்டுபிடித்ததாகப் பெருமை கொள்வர். அதைப் பற்றி நாம் மேலும் பேச வேண்டியதில்லை. உண்ணும் முறையில் ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும. பயணத்தின் நடுவே ஃப்ரோடோ, ஃபாரமிர் என்னும் தளபதியின் மறைவிடத்தில் விருந்தினனாகிறான். அவ்வீரர்கள் உணவுக்கு முன் மேற்குத் திசை நோக்கி எழுந்து சற்று நேரம் மௌனமாக நிற்கின்றனர். உங்களிடம் இப்படி ஒரு வழக்கம் இல்லையா என்று ஃபாரமிர் கேட்கிறான். உண்ணுமுன் விருந்தளிப்பவரை வணங்குவோம், உண்ட பின் எழுந்து அவருக்கு நன்றி சொல்வோம் என்று ஃப்ரோடோ விடை கூறுகிறான். அப்போது அவனுக்குத் தன்னை ஒரு பட்டிக்காட்டான் போலத் தோன்றியதாக ஆசிரியர் எழுதுகிறார். உணவுக்கு முன் செபம் சொல்லி வளர்ந்தவர்களுக்கு இக்காட்சி பொருளுடையது. ஷயர் மக்களுக்கு வணக்கமுறை என்று எதையும் டோல்கீன் விரிவாக அமைக்கவில்லை. ஆனால் நன்றி சொல்லும் பழக்கம் அவர்களுடைய இரத்தத்தில் ஊறியிருந்தது. உணவில் தெரிந்த அந்த நன்றிதான் பிறந்த நாளில் முழு உருவம் பெறுகிறது.

அதற்கு முன் குடும்ப அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். பெண் குழந்தைகளுக்குப் பூக்களின் பெயரோ மணிகளின் பெயரோ இடுவது அவர்கள் வழக்கம். குடும்பப் பெயர் தந்தை வழியே வரும். ஆயினும் குடும்பத்துக்குத் தலைமை வகிப்பதில் கணவன் மனைவி இருவரும் சமம். கணவன் முதலில் இறந்தால் தலைமை மகனுக்குப் போகாது, மனைவிக்கே வரும். லாரா பாகின்ஸ் என்னும் அம்மையார் கணவன் இறந்த பின் 16 ஆண்டுகள் குடும்பத் தலைவியாக இருந்து 102-ஆம் வயதில் மறைந்தார். அவர் மகன் பங்கோ தலைவனானபோது அவனுக்கே 70 வயது! அந்தப் பங்கோவின் மகன் பில்போவும் தாயார் பெல்லடோனா மறையும் வரை, தன் 44-ஆம் வயது வரை, குடும்பத் தலைவனாகவில்லை. இவ்விவரங்கள் யாவும் டோல்கீன் 1950-களின் இறுதியில் ஒரு வாசகருக்காக எழுதிய நீண்ட கடித வரைவில் உள்ளன. பில்போவுக்குத் தாய்மேல் இருந்த மரியாதைக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

நாட்காட்டியிலும் ஒரு புதுமை உண்டு. மாதம் 12, ஒவ்வொன்றுக்கும் சரியாக 30 நாள். மீதி ஐந்து நாள்களில் இரண்டு ஆண்டின் முடிவிலும் தொடக்கத்திலும், மூன்று கோடை நடுவிலும் வரும். கோடை நடுநாளுக்குக் கிழமை கிடையாது. லீப் ஆண்டில் கூடும் நாளுக்கும் கிழமை இல்லை. ஆகவே எஞ்சிய 364 நாள்களும் மிகச் சரியாக 52 வாரங்களாகின்றன. கணக்குப் பிடித்த மாணவியர் உடனே கண்டுகொள்வர்: ஒவ்வொருவருடைய பிறந்த நாளும் ஆண்டுதோறும் அதே கிழமையில்தான் வரும். செப்டம்பர் 22 என்றால் என்றும் வியாழக்கிழமை.

பிறந்த நாளில் இரு வகைப் பரிசுகள் உண்டு: பெறும் பரிசு ஒன்று, கொடுக்கும் பரிசு ஒன்று. இரண்டுக்கும் வேர் வேறு. பெறும் பரிசு உறவைச் சார்ந்தது. இக்குழந்தை நம் குலத்தில் சேர்ந்தது என்று பண்டைக் காலத்தில் ஏற்றுக்கொண்ட சடங்கின் எச்சம் அது. ஆகையால் பெற்றோர் தம் பிள்ளைகளுக்குப் பிறந்த நாள் பரிசு கொடுப்பதில்லை. பெற்ற பிள்ளையைப் புதிதாக ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை அல்லவா? தத்தெடுத்த பிள்ளைக்கு மட்டும் கொடுப்பர். (இதைப் படித்ததும் முகம் வாடும் சிறுமியர் பலர் இருப்பர்!) ஆனால் குடும்பத் தலைவரோ தலைவியோ அடையாளமாகவேனும் ஏதாவது கொடுத்தாக வேண்டும். மற்றபடி பாட்டன்மார் உடன்பிறந்தோராக இருக்கும் அளவுக்கு நெருங்கிய உறவினரிடமிருந்து, அதுவும் 12 மைல் தொலைவுக்குள் வாழ்பவரிடமிருந்து மட்டுமே பரிசை எதிர்பார்க்கலாம். கொடுப்பவர் நேரில் வந்து, முந்திய நாளன்றோ, மிஞ்சினால் அன்றைய நண்பகல் உணவுக்கு முன்னோ தனிமையில் கொடுத்துவிட வேண்டும். வந்த பரிசுகளை வரிசையாக அடுக்கிப் பிறர்க்குக் காட்டுவது பெரிய அநாகரிகம். எவர் எவ்வளவு கொடுத்தார் என்பது கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் மட்டுமே தெரியும். கையில் பணம் குறைந்தவர் தலைகுனிய நேராமல் காப்பதற்கு இதைவிட நல்ல விதி எனக்குத் தெரியவில்லை.

கொடுக்கும் பரிசு உறவைச் சார்ந்தது அன்று; நன்றியைச் சார்ந்தது. கடந்த ஆண்டில் தனக்கு உதவியவர், அன்பு காட்டியவர், நட்புப் பூண்டவர் ஆகியோருக்குப் பிறந்த நாள்காரர் தாமே பரிசளிப்பார். இப்பழக்கம் மூன்றாவது பிறந்த நாளில் தொடங்குகிறது. நடக்கவும் பேசவும் கற்ற குழந்தை, அன்று தன் தாய் தந்தையருக்கு முதற்பரிசு கொடுக்கும். அது தானே கண்டெடுத்ததாகவோ, வளர்த்ததாகவோ, செய்ததாகவோ இருக்க வேண்டும். மூன்று வயதுக் குழந்தை என்ன செய்யும்? வேலியோரம் போய் ஒரு பிடி காட்டுப்பூப் பறித்து வரும். வளர்ந்த பின்னும், ஏழை ஹாபிட்கள் தம் தோட்டத்துக் காய்கறியையோ பட்டறையில் செய்த பொருளையோதான் கொடுப்பர். பிறந்த நாளன்று புத்தாடை அணிந்து வகுப்பிலுள்ள எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்து வரும் நம் சிறுமியருக்கு இதன் இன்பம் தெரிந்திருக்கும்.

ஆண்டின் எல்லா நாளும் யாருக்கேனும் பிறந்த நாள் என்பதால், ஷயரில் பரிசுப் பொருள்கள் ஓயாமல் கைமாறிக்கொண்டே இருந்தன. உடனே பயன்படாத, ஆனால் எறியவும் மனம் வராத பொருளை 'மாத்தம்' என்பர். வீடுகளில் மாத்தம் குவிந்து கிடக்கும். இவ்வாண்டு பெற்றதை அடுத்த ஆண்டு வேறொருவருக்குக் கொடுப்பதும் உண்டு. சில பொருள்கள் ஊரெல்லாம் சுற்றிக் கொடுத்தவரிடமே திரும்பியதும் உண்டாம். மிச்சல் டெல்விங் என்ற ஊரில் ஒரு பொருட்காட்சிச்சாலை இருந்தது. அதன் பெயரே மாத்தம் இல்லம். இச்சொல்லை டோல்கீன் சும்மா படைக்கவில்லை. பழைய ஆங்கிலத்தில் அதற்கு விலைமதிப்பற்ற செல்வம், அரசன் அளிக்கும் கொடை என்று பொருள். அப்பழைய மொழியின் செய்யுள்களில் நல்ல அரசனுக்கு 'மோதிரம் வழங்குபவன்' என்று ஒரு பெயர் உண்டு. வீரர்கள் பொன் வளையம் பெற்ற அந்தச் சொல், ஷயரின் அடுக்களைப் பரணில் கிடக்கும் பழம்பொருளுக்கு வந்து சேர்ந்ததில் பேராசிரியருடைய குறும்பு தெரிகிறது. குறும்பின் அடியில் ஒரு கருத்தும் உண்டு. அரசவையோ அடுக்களையோ, பொருள் கைமாறிக்கொண்டிருக்கும் வரை உறவு உயிரோடிருக்கும்.

கைமாற மறுக்கும் ஒரு பொருள் அவ்வூருக்குள் வந்தால் என்ன ஆகும்? கதை அங்கேதான் தொடங்குகிறது.

தீய சக்தியின் தலைவனான சௌரான், முற்காலத்தில் அழகிய உருவெடுத்து எல்ஃப் மக்களிடம் வந்தான். அப்போது அவன் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் அன்னத்தார். 'கொடைகளின் தலைவன்' என்பது அதன் பொருள். மோதிரம் செய்யும் கலையை அவர்களுக்குக் கற்பித்தான். பிறகு குள்ளர்களுக்கு ஏழும் மனிதர்களுக்கு ஒன்பதுமாக மோதிரங்களை வழங்கினான். இரகசியமாகத் தனக்கென ஒரு மோதிரம் செய்து, அதைக் கொண்டு மற்ற மோதிரக்காரர்களை அடிமைப்படுத்தப் பார்த்தான். மோதிரம் வழங்கும் நல்லரசன் எங்கே, மோதிரத்தைத் தூண்டிலாக வீசும் இவன் எங்கே!

அந்த மோதிரம் போரில் அவனிடமிருந்து போய், அண்டுயின் ஆற்றில் நெடுங்காலம் கிடந்தது. ஆற்றோரம் வாழ்ந்த மக்கள் ஹாபிட்களின் பழைய கிளையினர். ஒருநாள் ஸ்மியாகல், டியாகல் என்ற இருவர் மீன்பிடிக்கப் போயினர். டியாகல் தண்ணீருக்குள் இழுபட்டு, ஆற்றுமணலில் மோதிரத்தைக் கண்டெடுத்தான். ஸ்மியாகல் அதைக் கேட்டான். இன்று என் பிறந்த நாள், ஆகவே அது எனக்கு வேண்டும் என்றான். நான் என் சக்திக்கு மீறியே உனக்கு முன்பே பரிசு கொடுத்துவிட்டேன் என்றான் டியாகல். ஸ்மியாகல் அவன் கழுத்தை நெரித்துக் கொன்றான். இது நடந்தது மூன்றாம் ஊழியின் 2463-ஆம் ஆண்டளவில். பின்னர்த் தன் பாட்டியின் தலைமையிலிருந்த குடும்பத்தினின்று விரட்டப்பட்டு, கோல்லம் என்ற பெயருடன் மலைக்கடியில் இருளில் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தான். அங்கும் அம்மோதிரத்தைத் தன் பிறந்த நாள் பரிசு என்றே சொல்லிக்கொண்டிருந்தான். பாட்டி கொடுத்ததாகவும் கதை கட்டினான்.

இந்த இடத்தில்தான் மேற்சொன்ன வாசகருக்கு ஐயம் எழுந்தது. ஹாபிட்கள் பிறந்த நாளில் கொடுப்பவர்களாயிற்றே, ஸ்மியாகல் எப்படிப் பரிசு கேட்டான் என்று அவர் வினவினார். இரு வகைப் பரிசையும் பிரித்து டோல்கீன் எழுதிய விளக்கமெல்லாம் இவ்வினாவுக்கு விடையாகப் பிறந்ததே. அவ்விளக்கத்தை வைத்துப் பார்த்தால் கோல்லத்தின் பொய் எவ்வளவு நுட்பமானது என்பது புலப்படும். உறவினனிடம் பரிசு எதிர்பார்ப்பது முறையே. ஆனால் அதைக் கேட்டுப் பிடுங்குவது முறையன்று. குடும்பத் தலைவி கொடுப்பதும் முறையே. ஆனால் அவள் கொடுக்கவில்லை. வழக்கத்தின் ஒவ்வோர் இழையையும் எடுத்துத் தன் குற்றத்தை மூடப் போர்வை நெய்கிறான். திருடியது என்று சொன்னால் மனச்சாட்சி குத்தும். பரிசு என்றால் குத்தாது. கொலை என்பதே அறியாத ஒரு மக்களின் கிளையில் நிகழ்ந்த முதற்கொலைக்கு, அம்மக்களின் மிக இனிய வழக்கத்தின் பெயரே மறைப்பாக அமைந்தது.

இதோடு முடியவில்லை. பில்போ 2941-ஆம் ஆண்டில் அம்மோதிரத்தை இருண்ட குகைவழியில் கண்டெடுத்தான். கோல்லத்துடன் விடுகதைப் போட்டி போட்டு உயிர் தப்பினான். ஊருக்குத் திரும்பியபின், போட்டியில் வென்றதற்கு அது தனக்குப் பரிசாகத் தரப்பட இருந்தது என்று சொன்னான். மந்திரவாதி காண்டால்ஃப் இதை நம்பவில்லை. நேர்மையான பில்போ ஏன் இப்படிப் பேசுகிறான் என்று அன்று முதல் கவலை கொண்டார். இதன் பின்னே ஒரு நூல் வரலாறும் இருக்கிறது. 1937-ஆம் ஆண்டுப் பதிப்பில் கோல்லம் உண்மையிலேயே மோதிரத்தைப் பரிசாகத் தர ஒப்புக்கொள்கிறான்! பெருநாவலை எழுதும்போது அது பொருந்தாமல் போகவே, டோல்கீன் 1951-ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்த அதிகாரத்தை மாற்றினார். பழைய பாடத்தை அழித்துவிடாமல், அதுதான் பில்போ சொன்ன பொய் என்று ஆக்கிக்கொண்டார். அச்சில் வந்துவிட்ட பாடத்தையே கதாபாத்திரத்தின் மனச்சாட்சிக்குள் கொண்டுபோய் வைத்த இந்தத் திறமையை எண்ணி எண்ணி வியக்கலாம்.

இப்போது விருந்துக்கு வருவோம். ஷயர் கணக்கில் 1401-ஆம் ஆண்டு செப்டம்பர் 22. பில்போவுக்கு வயது 111. அவன் தன் வாரிசாக ஏற்ற ஃப்ரோடோவுக்கும் அன்றே பிறந்த நாள், வயது 33. ஹாபிட்களுக்கு 33-இல்தான் முழு வயது வருகிறது. இருபதுகள் யாவும் பொறுப்பற்ற பருவம் என்பது அவர்கள் கொள்கை. இரு வயதையும் கூட்டினால் 144. சிறப்பு விருந்தினரும் 144 பேர். நாங்கள் என்ன குரோஸ் கணக்கில் எண்ணப்படும் சரக்கா என்று சிலர் முறுமுறுத்தனராம். வாயிலில் நின்று ஒவ்வொருவருக்கும் பில்போ பரிசளித்தான். சிலர் பின்வழியாக வெளியேறி மீண்டும் முன்வாயிலில் வந்து இரண்டாம் முறையும் வாங்கிச் சென்றனர்! 2001-இல் வெளியான திரைப்படத்தில் இவ்விருந்தின் வாணவேடிக்கையைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஆனால் விருந்தின் நோக்கம் வாணவேடிக்கை அன்று. இத்தனை பொருள்களைக் கொடுத்துக் கொடுத்துக் கை பழகிவிட்டால், கொடுக்க முடியாத அந்த ஒன்றையும் கொடுத்துவிடலாம் என்பதே பில்போவின் எண்ணம். அவனே இதைக் காண்டால்ஃபிடம் ஒப்புக்கொள்கிறான்.

அது எளிதாக நடக்கவில்லை. மோதிரத்தை உறையிலிட்டு ஃப்ரோடோவுக்கு வைத்துவிட்டதாகச் சொல்கிறான். உறையோ அவன் சட்டைப்பையிலேயே இருக்கிறது. கோல்லம் சொல்லும் செல்லச்சொல்லை அவனும் சொல்கிறான். வாளின் பிடியில் கை போகிறது. நண்பர் அதட்டியும் ஆறுதல் கூறியும் நின்றபின் ஒருவாறு மனம் தேறுகிறான். எடுத்து வைக்கப் போனவன் கை உதற, உறை தரையில் விழுகிறது. அவன் முகத்தில் ஒரு கணம் கோபம் எழுந்து, பின் சிரிப்பாக மாறுகிறது. கைத்தடியை எடுத்துக்கொண்டு பாட்டுப் பாடியபடி இருளில் நடந்துவிடுகிறான். அம்மோதிரத்தை வைத்திருந்தவர்களுள் தாமாக இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்தவன் அதுவரை அவன் ஒருவனே. போர்வீரர்களாலும் அரசர்களாலும் ஆகாததை ஒரு ஹாபிட் செய்ததற்கு, மூன்று வயதில் காட்டுப்பூவில் தொடங்கிய பழக்கமும் கைகொடுத்தது என்று கொள்வதில் பிழையில்லை.

மறுநாள் பாக் எண்ட் வீட்டில் பெயர்ச்சீட்டு ஒட்டிய பரிசுகள் பல கிடந்தன. சொல்லாமல் குடைகளை எடுத்துப் போகும் உறவினருக்கு ஒரு குடை. ஆயுள் முழுவதும் அறிவுரைக் கடிதங்களாக எழுதித் தள்ளிய மூதாட்டிக்கு ஒரு குப்பைக் காகிதக் கூடை. இரவல் வாங்கிய புத்தகங்களைத் திருப்பித் தராதவருக்குக் காலிப் புத்தக அலமாரி. (நம் நூலகத்திலும் இவ்வலமாரிக்கு உரியவர் சிலர் இருக்கக்கூடும்.) தன் முகத்தையே அழகு பார்க்கும் இளம்பெண் ஏஞ்சலிகாவுக்குக் குவிந்த கண்ணாடி. எனக்கு இவ்வேடிக்கை முழுவதும் பிடித்ததில்லை. அந்தப் பெண் அதைப் பலர் முன்னிலையில் பெற்றிருப்பாளே என்று தோன்றும். ஆனால் தோட்டக்காரர் காம்ஜீக் கிழவருக்கு இரண்டு மூட்டை உருளைக்கிழங்கு, புது மண்வெட்டி, கம்பளி மேற்சட்டை, மூட்டுவலித் தைலம் என்று கிடைத்தவற்றில் கேலி ஒரு துளியும் இல்லை. ஏழைகளுக்குப் பயனுள்ளதே சென்றது.

பரிசு பெற்றோருள் லொபீலியா என்னும் அம்மாள் ஒருத்தி. பாக் எண்ட் வீட்டின் மேல் அவளுக்குத் தீராத ஆசை. பில்போவின் வெள்ளிக் கரண்டிகளை அவள் எடுத்துப் போனதாகவே அவனுக்குச் சந்தேகம். அவளுக்கு ஒரு பெட்டி வெள்ளிக் கரண்டிகளையே பரிசாக விட்டுச் சென்றான். குத்தலைப் புரிந்துகொண்டாள், கரண்டிகளையும் எடுத்துக்கொண்டாள்! பிற்பாடு ஃப்ரோடோவிடமிருந்து அவ்வீட்டை விலைக்கு வாங்கினாள். கதைமுடிவில் ஷயரைக் கொடியவர்கள் கைப்பற்றிக்கொண்டபோது, முதியவளான லொபீலியா குடையை ஓங்கி அவர்களை எதிர்த்து நின்று சிறைக்குப் போனாள். விடுதலையாகி ஃப்ரோடோவின் கையில் சாய்ந்தபடி, குடையையும் விடாமல் வெளியே வந்தபோது மக்கள் கைதட்டி ஆரவாரித்தனர். அவளை அதுவரை எவரும் விரும்பியதில்லை, அழுதுவிட்டாள். பாக் எண்டை ஃப்ரோடோவுக்கே கொடுத்தாள். அடுத்த வசந்தத்தில் அவள் இறந்தபோது, தன் பணம் முழுவதையும் அக்கலவரத்தில் வீடிழந்த ஹாபிட்களுக்குப் பயன்படும்படி விட்டுச் சென்றிருந்தாள். அரசர்களும் மந்திரவாதிகளும் நிறைந்த இந்நாவலில் என் மனத்தை மிகவும் தொடுபவள் இவளே.

ஃப்ரோடோ நெருப்பு மலையின் விளிம்பு வரை மோதிரத்தைச் சுமந்தான். கடைசிக் கணத்தில் அதை எறிய அவனால் இயலவில்லை. தனக்கே உரியது என்றான். கோல்லம் அதைப் பறித்துக்கொண்டு மகிழ்ச்சியில் தள்ளாடி நெருப்பில் விழ, மோதிரம் அழிந்தது. அந்த நாளாக டோல்கீன் குறித்திருப்பது மார்ச் 25. கபிரியேல் தூதர் மரியன்னைக்கு மங்கள வார்த்தை சொன்ன திருநாள். அவர் இதைத் தற்செயலாகத் தேர்ந்திருப்பார் என்று நம்மில் எவரும் எண்ணமாட்டோம்.

உடலும் உள்ளமும் காயப்பட்ட ஃப்ரோடோ இரண்டாண்டுகளுக்குப் பின் ஷயரை விட்டுக் கடல் கடந்து போகிறான். போகும் வழியில் பில்போவைச் சந்தித்தது செப்டம்பர் 22 அன்று. பில்போவுக்கு 131 வயது. தன் வீட்டையும் உடைமைகளையும் தோட்டக்காரர் மகனும் தோழனுமான சாமுக்குக் கொடுத்தான். தானும் பில்போவும் எழுதிய செந்நிறத் தோலட்டைப் புத்தகத்தையும் கொடுத்தான். கடைசிச் சில ஏடுகள் சாம் எழுதுவதற்காக எழுதப்படாமல் விடப்பட்டிருந்தன.

சாம் ஏழுமுறை மேயராக இருந்தான். மனைவி ரோஸி 1482-ஆம் ஷயர் ஆண்டின் கோடை நடுநாளன்று இறந்தாள். அவ்வாண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் அவன் பாக் எண்டிலிருந்து குதிரையேறிப் புறப்பட்டு, மேற்கே கோபுரக் குன்றுகளருகே வாழ்ந்த தன் மூத்த மகளைக் காணச் சென்றான். மார்ச் 25-இல் பிறந்த அவளுக்கு எலனோர் என்ற பொன்னிறப் பூவின் பெயரைச் சூட்டியிருந்தனர். செந்நிறப் புத்தகத்தை அவளிடம் கொடுத்துவிட்டுத் துறைமுகம் நோக்கிப் போனான். அதன்பின் அப்புத்தகம் அவளுடைய வழிவந்தோரிடமே இருந்தது.